கிழங்கும் கசப்பும்

பயற்றைப் பானையிலிட்டு வேப்பிலை கலந்து வைப்பது நம் இராமநாதபுரச் சீமையில் பழைய வழக்கம். ஆனால் கிழங்கு பயற்றைப் போன்றதன்று. பயறு ஏறக்குறைய உறங்கும் பொருள், கிழங்கோ மண்ணைவிட்டு வந்த பின்னும் நன்றாக மூச்சுவிடுகிறது, நீரை இழக்கிறது, காயம் பட்டால் புதுத்தோல் வளர்த்து ஆற்றிக்கொள்கிறது. அதற்கும் இலைச்சாறு காப்பாகுமா?

கடலோரத்தில் இது வெறும் ஏட்டு வினா அன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் இராமேசுவரத் தீவின் வீடுகளில் சுவரே கசியும். அந்நாளில் கூடையில் ஒரு சர்க்கரைவள்ளி அழுகினால் அண்டைக் கிழங்குகளும் கெடும். ஏழையின் சந்தைப் பணமும் உடன் போகும்.

பனங்கிழங்கிற்கு நம்மவர் கண்ட வழி எளிது: வேகவைத்து வெயிலில் உலர்த்தினர். ஈரம் நீங்கினால் பூஞ்சணத்திற்கு வாழ்வில்லை. பச்சையாகவே வைக்கவேண்டிய கிழங்கிற்குத்தான் இலையின் துணை வேண்டும். கேரளத்தில் விதை இஞ்சியைக் குழியிலிட்டுப் பாணல் இலையை அடுக்குவர். விதை மஞ்சளுக்கு எட்டி இலை. எட்டி நஞ்சாதலால், உண்ணும் கிழங்கின் அருகே அதனைக் கொண்டுவரலாகாது.

நமக்கு வேம்பே போதும். அதன் கசப்பினின்று நிம்பின் என்னும் பொருளை 1942இல் சலீமுஸ்ஸமான் சித்தீகி பிரித்தெடுத்தார். 1968இல் அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது. இது பூச்சியை உண்ணவிடாமல் தடுக்கும். தோலுரித்து வளர்வதையும் குலைக்கும். வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தை அடக்கும் முறைக்கு அயல்நாட்டார் பெற்ற உரிமையை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000இல் நீக்கியது. மேல்முறையீட்டிலும் 2005இல் அத்தீர்ப்பே நிலைத்தது. அம்முறை இந்தியாவில் முன்னரே வழங்கியதென்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும் வேம்பு மந்திரக்கோல் அன்று. மரவள்ளி பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடுகிறதே, அது கிழங்கினுள் தானாக நிகழும் மாற்றம். வெளியே பூசும் சாறு அதனை நிறுத்தாது. சர்க்கரைவள்ளிக்குள் முன்பே புகுந்த கூன்வண்டின் புழுவையும் அது எட்டாது. அடிபட்ட கிழங்கை முதலில் ஆறவிட வேண்டும். சர்க்கரைவள்ளியானால் ஏறத்தாழ 30 டிகிரி வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில் நான்கு முதல் ஏழு நாள். சாற்றில் நனைத்த கிழங்கை உலர்த்தாமல் மூடினாலோ, நாமே அழுகலை அழைத்தவர்களாவோம்.

உங்கள் பள்ளியிலேயே இதனைச் சோதிக்கலாம். வேப்பம் பருப்புத்தூள் 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடியுங்கள். காயமற்ற இருபது சர்க்கரைவள்ளிக் கிழங்குகளில் பத்தைச் சாற்றிலும், பத்தை வெறும் நீரிலும் முக்குங்கள். வெறும் நீர் எதற்கு என்பீர்கள். அஃதில்லையேல், பயன் வேம்பினால் வந்ததா, கழுவியதால் வந்ததா என்று சொல்ல இயலாது. இரண்டையும் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். எடைபோட்டு, காற்றோட்டமுள்ள இரு கூடைகளில் வையுங்கள். முப்பதாம் நாள் அழுகியவற்றை எண்ணுங்கள். எஞ்சியவற்றை மீண்டும் எடைபோடுங்கள். அழுகாத கிழங்கும் நீரிழந்து இளைத்திருக்கும்.