பெயிண்டர் மார்ட்டினும் பனியன் ஊரும்

திருப்பூரில் எந்த மேடை ஏறினாலும் ஒரு கதை தவறாமல் காதில் விழும். கூலிக்கு மெஷின் ஓட்டியவர் சிறுகச் சிறுகச் சேர்த்து, சொந்தமாக நாலு மெஷின் போட்டு, ஏற்றுமதியாளராக உயர்ந்த கதை. அதில் பொய்யில்லை. தோட்டங்காட்டை விட்டு வந்த கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் முதலாளி ஆனார்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் அதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அதே காலத்தில் முதலாளியாகும் வழியை விட்டுச் சங்கத்தின் வழியில் போனவர்களும் இந்த ஊரில் உண்டு. அவர்கள் கதையை ஊர் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

அதைச் சொல்ல ஓர் அந்நியரைத் துணைக்கு அழைக்கலாம். மார்ட்டின் டிரான்மேல், நார்வேக்காரர். 1879-ல் டிரான்ட்ஹைம் நகருக்குப் பக்கத்தில் மெல்ஹுஸ் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெயிண்ட் அடிப்பதுதான் அவர் தொழில். பிழைப்புக்காக அமெரிக்கா போனவர், 1905-ல் சிகாகோவில் எல்லாத் தொழிலாளரையும் ஒரே குடையின் கீழ் சேர்க்கக் கூடிய மாநாட்டை நேரில் பார்த்தார்.

அங்கிருந்து அவர் கொண்டுவந்த எண்ணம் எளிமையானது. பெயிண்டருக்கு ஒரு சங்கம், தச்சருக்கு ஒரு சங்கம், கொத்தனாருக்கு ஒரு சங்கம் என்று பிரிந்து கிடந்தால், ஒருவர் வேலையை நிறுத்தும்போது இன்னொருவர் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே தொழில் முழுமைக்கும் ஒரே சங்கம் வேண்டும். 1911-ல் டிரான்ட்ஹைமில் அவருடைய அணி நிறைவேற்றிய தீர்மானம் இதையும் கேட்டது. தொழிற்சங்கங்களின் தேசியத் தலைமை ஏற்கவில்லை. ஏழு வருடம் கழித்து, 1918-ல், நார்வே தொழிற்கட்சியே அவர் அணியின் கைக்கு வந்தது.

பிறகு நடந்தவை வேகமானவை. மாஸ்கோவின் கம்யூனிஸ்ட் அகிலத்தில் கட்சி சேர்ந்தது. அங்கிருந்து வந்த கட்டளைகளை ஏற்க முடியாமல் 1923-ல் வெளியேறியது. ராணுவப் பயிற்சியைப் புறக்கணிக்கச் சொன்னதற்காக டிரான்மேல் சிறை போனார். 1935-ல் கட்சி ஆட்சி அமைத்தபோதும் அவர் அமைச்சர் நாற்காலிக்குப் போகவில்லை. கட்சி நாளிதழின் ஆசிரியராகவே இருந்தார். அவருடைய பெருமை இதில்தான் இருக்கிறது.

இனித் திருப்பூருக்கு வருவோம். ஒரு டி-ஷர்ட் எத்தனை கை மாறுகிறது! ஓவர்லாக்கில் ஷோல்டர் சேர வேண்டும், கழுத்துக்கு ரிப் ஏற வேண்டும், அடிமடிப்பு பிளாட்லாக்கில் ஓட வேண்டும். அப்புறம் பிசிர் வெட்டு, செக்கிங், அயர்ன், பேக்கிங். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை 'ஒன்றரை ஷிப்ட்'. இந்த உழைப்புக்குப் பஞ்சப்படி கேட்டு 1984-ல் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதம் சனிக்கிழமைச் சம்பளம் இல்லாமல் ஒரு ஊர் அடுப்பெரித்தது என்றால், அந்த வைராக்கியம் சாதாரணமானதல்ல.

செங்கொடிச் சங்கங்களில் வளர்ந்தவர்களைத் திருப்பூர் சட்டமன்றத்துக்கும் அனுப்பியது. மார்க்சிஸ்ட் கட்சியின் சி. கோவிந்தசாமி 1989-லும் 2006-லும் வென்றார். ஏஐடியுசி தலைவர்களில் ஒருவரான கே. சுப்பராயன் 1996-ல் வென்றார். பின்னர் 2004-ல் கோவையிலிருந்தும், 2019, 2024 தேர்தல்களில் திருப்பூரிலிருந்தும் நாடாளுமன்றம் போனார். 2011-ல் திருப்பூர் தெற்கில் வென்ற மார்க்சிஸ்ட் தலைவர் கே. தங்கவேல், 2020 செப்டம்பரில் கொரோனாவுக்குப் பலியானார்.

1984-க்குப் பிறகு ஜாப் ஒர்க் பெருகியது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் இன்னோரிடம். ஒரு கம்பெனி வாசலில் கொடி நட்டால் போதும் என்ற காலம் போனது. டிரான்ட்ஹைமில் அந்தப் பெயிண்டர் கண்ட பிரச்சினை இங்கே வேறு உருவில் வந்து நின்றது. அதற்குத் திருப்பூர் சங்கங்கள் கண்ட விடை, எல்லாச் சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து முதலாளிகள் அமைப்புகளுடன் போடும் பொதுக் கூலி ஒப்பந்தம். கட்டிங் மாஸ்டர், டெய்லர், செக்கிங் என ஒவ்வொருவருக்கும் அதில் கூலி எழுதியிருக்கிறது. இது சின்ன சாதனை இல்லை.

ஆனால் இன்று மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள் ஏராளம். பலர் கம்பெனி விடுதியில் தங்குகிறார்கள். வாயிற்கூட்டத்தில் தமிழில் பேசுவது அவர்களுக்குப் போய்ச் சேராது. ஒப்பந்தத்தில் தங்கள் வேலைக்கு என்ன கூலி எழுதியிருக்கிறது என்று அவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள, அது ஒடியாவிலும் இந்தியிலும் அச்சாகி விடுதி வாசல்வரை போக வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே சங்கங்கள் அதைச் செய்ய வேண்டும்.