கீழ்க்குரல்
(கூட்டமொன்றில் பேசியதின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

ஓபரா பாடகி ஒருத்தரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கலாம், தப்பில்லை. வெள்ளை மேட்டுக்குடி வைரமும் பட்டும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்கிற இசை நாடகம்தான் அது. நமக்கு அங்கே என்ன வேலை? மேரியன் ஆண்டர்சனைப் பார்த்து அவர்களும் இதையேதான் கேட்டார்கள்: உனக்கு இங்கே என்ன வேலை?

1897-இல் பிலடெல்பியாவில் பிறந்த கறுப்பினப் பெண். ஐஸும் நிலக்கரியும் விற்ற அப்பா சீக்கிரமே செத்துப்போனார். அம்மா ஊரார் துணி வெளுத்தார், கடையில் தரை துடைத்தார். மகள் தேவாலயத்தில் பாடினாள். இசைப் பள்ளியொன்றில் சேர வரிசையில் போய் நின்றாள். கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் இவளுக்குப் பின்னால் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டு, கடைசியில் இவளிடம் சொன்னாள்: கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை.

நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். எதிரே நிற்கிற ஆள் கண்ணில் படாத மாதிரி வேலை பார்க்கிற வித்தை என்னவென்று எனக்குத் தெரியும். சேரியிலிருந்து வந்த கிழவியை ‘தள்ளி நில்லு’ என்று சொன்ன வாய்களோடு உட்கார்ந்துதான் தினமும் டீ குடிக்கிறேன். அதனால் அந்தக் கவுண்டரை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

தேவாலயத்து ஜனங்கள் காசு சேர்த்துக் கொடுத்துத்தான் அவர் பாட்டுப் படித்தார். ஐரோப்பா கொண்டாடியது. நூறு வருஷத்துக்கு ஒருமுறை கேட்கக் கிடைக்கிற குரல் என்றார் டாஸ்கனினி, அது 1935. ரெண்டு வருஷம் கழித்து பிரின்ஸ்டனில் பாட வந்தவருக்கு ஹோட்டலில் அறை இல்லை என்றார்கள். ஐன்ஸ்டைன் தன் வீட்டில் தங்க வைத்தார்.

1939 சங்கதி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வாஷிங்டனில் ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ என்ற சங்கத்துக்குச் சொந்தமான அரங்கம். வெள்ளைக் கலைஞர்களுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்தே விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. லிங்கன் நினைவிடத்துப் படிகளில் நின்று 75,000 பேருக்கு முன்னால் பாடினார். டோனிசெட்டியின் ஓபராவிலிருந்தும் ஒரு பாட்டு பாடினார், அடிமைகளின் ஆன்மீகப் பாடல்களும் பாடினார்.

திறந்த வெளியில் ஓபரா பாடியவர் ஓபரா மேடையில் ஏற இன்னும் 16 வருஷம் ஆனது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1883-இல் திறந்தது. அங்கே எந்தக் கறுப்பரும் வேஷம் கட்டிப் பாடியதில்லை. 1955 ஜனவரி 7 அன்று மேரியன் பாடினார். அப்போது அவருக்கு வயது 57.

கொடுத்த வேஷம் என்ன தெரியுமா? வெர்டியின் ‘முகமூடி நடன’த்தில் குறி சொல்கிற உல்ரிகா. ஒரே ஒரு காட்சியில் வந்து போகிறவள். ராஜாவைக் கொல்கிற கதையை சென்சார்காரர்கள் விடவில்லை என்று நாடகத்தை பாஸ்டனுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரதியில் நீதிபதி வந்து இவளை நாடு கடத்த உத்தரவு கேட்கிறான். இவள் யாரென்று சொல்லும்போது, நீக்ரோக்களின் அசுத்த ரத்தம் என்கிறான். அசுத்தம். தோழர்களே, நமக்கு இந்த வார்த்தை புதுசா? எழுபது வருஷத்துக்கு மேல் பூட்டிக்கிடந்த கதவு, அசுத்த ரத்தக்காரியின் வேஷத்துக்குத்தான் திறந்தது.

‘முதல் கறுப்பினப் பெண்’ என்று வெள்ளைப் பத்திரிகைகள் புளகாங்கிதப்பட்டு எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. குரல் உச்சத்தில் இருந்த அத்தனை வருஷமும் போய்விட்டதே, அதை யார் திருப்பித் தருவது? ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. மூன்றே வாரத்தில் அதே மேடையில் ராபர்ட் மக்ஃபெரின் பாடினார். 1961-இல் லியோன்டின் பிரைஸ் கதாநாயகியாகவே வந்தார்.

மேரியன் கோஷம் போட்டவரில்லை. பால் ராப்சன் மாதிரி மோதியவருமில்லை. 1957-இல் அமெரிக்க அரசு அவரை ஆசிய நாடுகளுக்குப் பாட அனுப்பியது. இந்தியாவுக்கும் வந்தார். அதே நாட்களில் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பு மாணவர்களைப் பள்ளிக்கூட வாசலில் சிப்பாய்கள் மறித்தார்கள். வெளியே காட்ட அரசுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது, இவர் போனார். இதை விமர்சிக்கலாம், நானும் விமர்சிக்கிறேன். ஆனால் தெற்கு மாகாணங்களில் பாடும்போது, கறுப்பர்களை ஒரு மூலையில் ஒதுக்காமல் அரங்கின் எல்லாப் பகுதியிலும் இடம் கொடுக்கணும் என்று வற்புறுத்தியவரும் இதே பெண்தான். 1963 வாஷிங்டன் பேரணியில் அதே லிங்கன் நினைவிடத்தில் மறுபடி பாடினார். 1993-இல் 96 வயதில் இறந்தார்.

பெண் குரல்களிலேயே ஆகக் கீழே இறங்குகிற குரல் அவருடையது. நான் இவ்வளவு நேரம் பேசினேன், இன்னும் நீங்கள் அதைக் கேட்கவில்லை. 1939 ஒலிப்பதிவு கொண்டுவந்திருக்கிறேன். கொஞ்சம் கரகரக்கும். அந்த ஃபேனை நிறுத்துங்க தோழர், மைக்கைப் பக்கத்தில் வைக்கிறேன்.