ஆயில் எஞ்சின் வால்வுகளில் கரி படிந்தால்...



உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்தே நடைபெறுகின்றன. இலவச மின்சாரம் வந்து பல்லாண்டுகள் ஆகியும், மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்போரும், ஏரி உள்வாயில் தேங்கிய நீரை இறைப்போரும் டீசல் ஆயில் எஞ்சினையே நம்பியுள்ளனர். பவர் டில்லர் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். நவரை நெல் கதிர் பிடிக்கும் வேளையில் ஏரி நீர் மடைக்குக் கீழே போய்விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்நேரம் எஞ்சின் கரும்புகை கக்கி, தண்ணீரைப் பாதியாகத் தள்ளினால் என்ன ஆகும்? பயிர் மெக்கானிக்குக்காகக் காத்திருக்காது. ஆகவே, வால்வில் கரி ஏன் படிகிறது, அதில் நம் கையால் செய்யக் கூடியது எது, கூடாதது எது என்று பார்ப்போம்.

எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும் வழியில் ஒரு வால்வும், புகை வெளியேறும் வழியில் ஒரு வால்வும் உண்டு. டீசல் எஞ்சினில் உள்வால்வு வழியாகக் காற்று மட்டுமே போகிறது. டீசலை நாசில் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. காற்று மட்டும் போகும் வழியில் கரி எப்படி வரும் என்று கேட்பீர்கள். வால்வுத் தண்டு ஓடும் கைடு தேய்ந்தால், மேலிருந்து எஞ்சின் ஆயில் சொட்டுச் சொட்டாகத் தண்டு வழியே இறங்கும். வால்வின் தலையோ சூடாக இருக்கும். தோசைக் கல்லில் எண்ணெய் காய்ந்து ஒட்டுவது போல, அந்த ஆயில் காய்ந்து கரியாகிறது. ஏர் கிளீனரைத் தாண்டி வரும் தூசி அதில் ஒட்டி, மேலும் கனமாகிறது.

இதே தொல்லை இன்று கார்களிலும் உண்டு. பழைய பெட்ரோல் கார்களில் பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டு அதைக் கழுவிக்கொண்டே போகும். சிலிண்டருக்குள் நேரே பெட்ரோல் பீய்ச்சும் புதுவகை எஞ்சின்களில் அந்தக் கழுவல் இல்லாததால் கரி சேர்கிறது. அதை நீக்கச் சில பட்டறைகளில் அக்ரூட் கொட்டையின் ஓட்டைப் பொடி செய்து காற்றழுத்தத்தால் அடிக்கிறார்கள்.

இவ்வூர்ப் பராந்தக சோழன் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. தூர் சேர்ந்த ஏரியில் நீர் குறைவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரி சேர்ந்த வழியில் காற்றும் அவ்வாறே குறைகிறது. காற்று குறைந்தால் டீசல் முழுதும் எரியாது, புகையாகப் போகும். கரி வால்வு உட்காரும் சீட்டிலும் படிந்தால் வால்வு முழுவதும் மூடாது, அழுத்தம் கசியும், ஸ்டார்ட் செய்ய ஆள் மாற்றி ஆள் கைப்பிடி சுற்ற வேண்டிவரும்.

கரும்புகை வந்தாலே ஹெட்டைக் கழற்றுவது சரியன்று. ஏர் கிளீனரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடியில் ஆயில் ஊற்றும் வகையானால், அந்த ஆயில் சேறுபோல் ஆகியிருந்தால் மாற்றுங்கள். குறித்த அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். கதிரடிக்கும் நாட்களில் தூசி மிகுதி. அப்போது அடிக்கடி பார்ப்பது நல்லது. அடுத்து நாசிலைப் பட்டறையில் கொடுத்துச் சோதிக்கச் செய்யுங்கள். பாதி நோய் இந்த இரண்டிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

பின்னர் எஞ்சினை நிறுத்தி, டீசலை மூடி, அழுத்தம் விடும் லிவரைத் தூக்காமல் கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல எஞ்சினானால் அழுத்தும் வேளையில் கை நன்றாகத் தடுக்கப்படும். தடுப்புக் குறைந்து, காற்று இழுக்கும் குழாயில் 'உஸ்' என்று கேட்டால் உள்வால்வு கசிகிறது. சைலன்சரில் கேட்டால் புகை வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்துள்ளது. அப்போது வால்வை எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

வால்வின் முதுகை மட்டும் சுத்தம் செய்ய ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. எஞ்சின் முழுவதும் ஆறிய பின் ஏர் கிளீனரையும் குழாயையும் கழற்றுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி, அதாவது அழுத்தும் வேளையில் பிஸ்டன் மேல்முனைக்கு வரும்படி சுற்றி நிறுத்துங்கள். இது முக்கியம், வால்வு திறந்திருந்தால் உதிரும் கரி சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறிவிடும். வழிக்குள் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மூங்கில் சிம்பாலோ பித்தளைத் துண்டாலோ சுரண்டுங்கள். இரும்புக் கத்தி வேண்டாம். கரிக் குழம்பைத் துணியால் ஒற்றி எடுத்து, வழி காயும்வரை துடையுங்கள். ஊற்றிய மண்ணெண்ணெய் தானே இறங்கி மறைந்தால் வால்வு கசிகிறது என்று பொருள். அவ்வாறானால் ஸ்டார்ட் செய்யுமுன் லிவரைத் தூக்கிப் பலமுறை கையால் சுற்றி அதை வெளியேற்றி, எஞ்சின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது காற்றுக் குழாயில் மண்ணெண்ணெயோ, கடையில் விற்கும் கரி நீக்கும் திரவமோ ஊற்றவே கூடாது. டீசல் எஞ்சினுக்கு அதுவும் எரிபொருளே. கவர்னருக்கு அடங்காமல் வேகம் ஏறும்; டீசலை மூடினாலும் நிற்காது; பிளைவீல் சிதறி உயிருக்கே ஆபத்தாகலாம். எக்காரணத்தாலாவது எஞ்சின் அவ்வாறு ஓடினால், காற்றுக் குழாயின் வாயைப் பலகையால் அடைப்பதே வழி. கையால் அடைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சீட்டிலேயே கசிவு என்றால் ஹெட்டைக் கழற்றி வால்வைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர் செய்யலாம்; மற்றவர் மெக்கானிக்கிடம் விடுவதே சிக்கனம். உடன் நின்று இவற்றைக் கவனியுங்கள். ஹெட் நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும், முறுக்கும்போதும் அப்படியே. இரு வால்வுகளும் இடம் மாறக் கூடாது. தேய்த்த பசை ஒரு துளியும் மிஞ்சாமல் கழுவ வேண்டும். ஹெட் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். டாப்பெட் இடைவெளியைக் கைப்புத்தகத்தில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். கண் மதிப்பு உதவாது. பூட்டுமுன் வழியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சற்று நேரம் பார்த்தால், வால்வு சரியாக உட்கார்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

சுரண்டி எடுத்த கரியைப் பார்த்தாலும் செய்தி உண்டு. பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில் இறங்குகிறது. கைடைக் கவனிக்க வேண்டும். உலர்ந்த, மெல்லிய புகைக்கரி சிலிண்டர் பக்கம் மிகுந்திருந்தால், டீசல் சரியாக எரியவில்லை. இதற்கு நம்மவர் பலர் அறியாத காரணம் ஒன்று உண்டு. கிணற்று நீரை அப்படியே எஞ்சினுக்குள் பாய விட்டு, எஞ்சின் குளுகுளுவென்று ஓடுவது நல்லதென்று நினைக்கிறோம். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதும் எரியாது. கரியும் தேய்மானமும் கூடும். எஞ்சினிலிருந்து வெளிவரும் நீர் கை பொறுக்கும் அளவுக்கு நல்ல சூடாக இருக்கும்படி குழாயைத் திருகி அளவாக விடுங்கள். 1978-இல் ஏற்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் பம்புசெட்டுகளில் டீசலை மிச்சப்படுத்த, தண்ணீரைத் தடையின்றி விடும் புட்வால்வையும் பி.வி.சி. குழாயையும் பரிந்துரைத்தது. அவையும் எஞ்சினின் சுமையைக் குறைக்கும்.

கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய ஆயிலையும் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் டின்னில் சேர்த்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய ஆயில் தோலுக்கு ஆகாது. இவற்றை நவரை நடவுக்கு முன்பே, எஞ்சினுக்கு ஓய்வு கிடைக்கும் மழை நாட்களில் செய்து கொள்வது உத்தமம்.