குழந்தைக்கும் பிரஷர் பாருங்கள், காலிலும் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் குடியிருப்பில் பிரஷர் என்றால் பெரியவர்கள் கையை நீட்டுவோம். பேரப்பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களுக்கும் பிரஷர் வரும். சிறு வயதில் வந்தால் பெரும்பாலும் சிறுநீரகக் கோளாறு இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி ஓரிடத்தில் சுருங்கியிருக்கும். பத்தாயிரம் குழந்தைகளில் சுமார் நான்கு பேருக்கு இது உண்டு.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். வாய்க்கால் நடுவில் அடைத்தால் மேல்மடையில் தண்ணீர் தளும்பும், கடைமடை காயும். அதுபோலத்தான் கையில் பிரஷர் ஏறியும் காலில் இறங்கியும் இருக்கும். ரத்தம் குறைவாகப் பெறும் சிறுநீரகம் பிரஷரை இன்னும் ஏற்றிவிடும்.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். தொடை இடுக்கில் நாடித் துடிப்பு பலவீனமாக இருக்கிறதா என்று டாக்டர் தொட்டுப் பார்ப்பார். வலது கையிலும் காலிலும் பிரஷர் எடுப்பார். சாதாரணமாகக் காலில் சற்றுக் கூடுதலாக இருக்கும். கையைவிட 20 அளவு குறைந்தால் சந்தேகம். எக்கோ எடுத்தால் தெரிந்துவிடும். அடிக்கடி தலைவலி, மூக்கில் ரத்தம், ஓடினால் கால் வலி, பாதம் சில்லிடுவது ஆகியவை அறிகுறிகள். பலருக்கு எதுவுமே இருக்காது. கவனிக்காமல் விட்டால் நடுவயதுக்குள்ளேயே இதயம் செயலிழக்கலாம், மூளையில் ரத்தக்கசிவு வரலாம்.

வைத்தியம் உண்டு. 1944-ல் ஸ்வீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதல் அறுவை சிகிச்சை செய்தார். இன்று பலூன், ஸ்டென்ட் முறைகளும் உள்ளன. சரிசெய்த பிறகும் வாழ்நாள் முழுக்கப் பரிசோதனை வேண்டும்.

அரசின் சிறார் நலத் திட்டத்தில் (ஆர்.பி.எஸ்.கே., 2013) மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் போகிறது. நம் வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களின் பிள்ளைகளை அங்கே பார்ப்பார்கள். அன்று லீவு போடாமல் அனுப்பச் சொல்லுங்கள். தனியார் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு நாம்தான் பார்க்க வேண்டும்.

மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். வீட்டு மெஷினின் பெரிய பட்டையைச் சின்னக் கையில் சுற்றாதீர்கள். அளவு குறைத்துக் காட்டி, உள்ள நோயையும் மறைத்துவிடும். குழந்தைக்கான பட்டை உள்ள மருத்துவரிடமோ, கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். பிரஷர் கூடுதல் என்றால், "காலிலும் பார்த்தீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. அடுத்த மருத்துவ முகாமுக்குக் குழந்தை மருத்துவர் ஒருவரையும் அழையுங்கள்.