மார்பகக் கட்டியும் மெய்யறிதலும்



மார்பகத்தில் கட்டி கண்டவுடன் புற்றுநோய் என்று அஞ்சி மறைப்போர் உளர். ஒன்றுமில்லை என்று நாள் கடத்துவோரும் உளர். இரண்டும் தீங்கே. புற்றுநோயைப் போலவே தோன்றும் வேறு நோய்களும் உண்டு. மார்பகக் காசநோயை ஆங்கில அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1829இல் விவரித்தார். காசக் கிருமியின்றியே, சதைக்குள் குருணை குருணையாகத் திரளும் அழற்சியை 1972இல் கெஸ்லரும் வோலாக்கும் எடுத்துரைத்தனர். பிள்ளை பெற்ற சில ஆண்டுகளுக்குள் இளம் பெண்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது. கல் போன்ற கட்டி, உள்ளிழுத்த காம்பு, அக்குளில் நெறி ஆகியவை இந்நோய்களிலும் காணப்படும்.

ஆகவே கண்ணும் கையும் மட்டுமே தீர்ப்புச் சொல்லலாகாது. மருத்துவர் தொட்டு ஆராய்தல், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் படம், ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தல் ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும். துணுக்கில் குருணைகள் காணப்படின், காசநோயா என்பதையும் தேட வேண்டும். ஏனெனில், குருணை அழற்சிக்கு வழங்கும் ஸ்டீராய்டு மருந்து காசநோயை முற்றச் செய்யும். காசநோயோ பெரும்பாலும் 6 மாத மருந்தில் குணமாகும். அம்மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

சோதனை முடிவு அறியுமுன் மார்பை இழக்கவும் வேண்டாம். புற்றுநோயை வளர விடவும் வேண்டாம். இளைஞர்களே, உங்கள் இல்லத்துப் பெண்களிடம் கூச்சமின்றி இதனைக் கூறுங்கள். சோதனைத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்துக் காட்டுங்கள். நாம் கற்ற எழுத்து அதற்கும் பயன்படட்டும்.