சொல் இருக்கு, பொருள் எங்கே?

(பட்டிமன்றத் தலைப்பு: கலைப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்று பெரிதும் தேவை வேலைக்கேற்ற திறனா? தொழில் தொடங்கும் துணிவா? "துணிவே" என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி பிரமாதமாகப் பேசினார். "பி.ஏ. படிக்கிற பையனுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடு, இங்கிலீஷ் பேசக் கத்துக் கொடு, வேலை தானா வரும்"னார். 2022 மார்ச் 1-இல் அரசு தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தையும் சொன்னார். நல்ல திட்டம், நானும் கைதட்டினேன். ஆனா தம்பி, வேலை எங்கேயிருந்து வரும்? 2024-இல் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பம் போட்டவர்கள் 20 லட்சத்துக்கு மேலே. ஒரு நாற்காலிக்கு 320 பேர்! நம்ம ஊர்த் தச்சர் தேக்கிலேயே செஞ்சு கொடுத்தாலும் அந்த நாற்காலி தாங்குமாங்க? (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். தொல்காப்பியத்தில் மூணு அதிகாரம்: எழுத்து, சொல், பொருள். எங்க பிள்ளைங்க எழுத்திலே பாஸ், சொல்லிலே பாஸ். பொருள்னு வரும்போது மட்டும் சட்டைப் பை காலி! (கைதட்டல்) நம்ம மாவட்டத்துக்கு நேர்மாறான வியாதி. இங்கே பொருள் கொட்டிக் கிடக்கு. அதை எடுத்துச் சொல்ல சொல் இல்லை. இந்த ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறதுதான் தொழில்னு நான் சொல்றேன்.

உதாரணம் கேப்பீங்க. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைச்சது. இந்தச் சின்னசேலம் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சாமி உருவம் செதுக்குகிற கைகளுக்குக் கிடைத்த மரியாதை அது. அந்தக் குறியீடு வாங்க விண்ணப்பத்தில் என்ன கேட்கிறாங்க தெரியுமா? இந்தக் கலை இந்த ஊருக்கு உரியது என்பதற்கு வரலாற்று ஆதாரம், செய்முறை விளக்கம், எல்லை காட்டும் வரைபடம், இதன் தனித்தன்மை. இதெல்லாம் இன்ஜினீயர் செய்யற வேலையாய்யா? பி.ஏ. வரலாறும் பி.ஏ. தமிழும் செய்ய வேண்டிய வேலை! ஊருக்குக் குறியீடு கிடைச்சா மட்டும் போதாது. ஒவ்வொரு சிற்பியும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளியாகத் தனித்தனியே பதிவு செய்யணும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். உளி பிடிச்ச கைக்குப் படிவம் நிரப்பப் பொழுது ஏது? நியாயமான கட்டணத்துக்கு அதைச் செஞ்சு கொடுத்து, ஒவ்வொரு சிலைக்கும் அதன் கதையை நாலு வரி தமிழிலும் நாலு வரி இங்கிலீஷிலும் எழுதிக் கொடுக்க நாலு மாணவர்கள் சேர்ந்தால் அது ஒரு தொழில்.

மலைக்கு வாங்க. கச்சிராயபாளையம் தாண்டி ஏறினால் கல்வராயன் மலை. கடுக்காய், சாமை, தேன், புளி. என் வகுப்பில் அந்த மலையிலிருந்து ஒரு பொண்ணு படிச்சது. அவங்க வீட்டிலே காலேஜ் படியேறின முதல் ஆள். அம்மா காட்டிலே கடுக்காய் பொறுக்கி மூட்டையா வியாபாரிகிட்ட போடறாங்க. அதே கடுக்காய் டவுன் கடையில் பொடியாகிப் பொட்டலத்தில் உட்கார்ந்து வேற விலை சொல்லுது. "ஒரு மூட்டைக்குக் கணக்குப் போட்டு வாம்மா"ன்னேன். எழுதி வந்தது. சாக்கு விலை, பஸ் கட்டணம், மூட்டைக் கூலி எல்லாம் சரி. ஒரு இடத்தில் பேனா நின்னு போச்சு. "எங்கம்மா நாலு நாள் காட்டிலே நடந்ததை எந்த வரியிலே எழுதறதுங்க ஐயா?"ன்னு கேட்டுது.

நடுவர் அவர்களே, மூணு வருஷம் நான் நடத்தின பாடத்தில் அந்தப் பொண்ணு இதைவிடப் பெரிய கேள்வி கேட்டதில்லை. எங்கம்மா உழைப்புக்கு விலை உண்டுன்னு தெரிஞ்சுக்கறதுதான் தொழில் கல்வியின் முதல் பாடம்.

பொட்டலத்துக்கு மேலே எழுதறதும் மொழி வேலைதான். சாமை அரிசியைப் பையில் போட்டு விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேணும். கடுக்காய்ப் பொடியை "நோய் தீர்க்கும் மருந்து"ன்னு அச்சடிச்சா சித்த மருந்து தயாரிக்கிற உரிமம் வேணும். ஒரே ஒரு சொல், சட்டமே மாறிப் போகுது! சொல்லை எங்கே வைக்கணும், எங்கே வைக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லிக் கொடுக்காம வேற யார் சொல்லிக் கொடுப்பாங்க?

சிரிப்பை ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்கிறேன். 2024 ஜூன் மாதம் இந்த ஊரில் என்ன நடந்ததுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மெத்தனால் கலந்த விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிரைக் குடிச்சது. அதுக்கப்புறம்தான் மலைவாழ் மக்களின் நிலைமையை உயர்நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. மலையில் இருக்கிற இளைஞனை ஊறல் போடக் கூப்பிட ஆள் இருக்கான். ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டக் கூப்பிட்டு, பிடிபட்டா விட்டுட்டு ஓடவும் ஆள் இருக்கான். "வாப்பா, உங்க ஊர்ப் பொருளை நாம விற்போம்"னு கூப்பிடத்தான் ஆள் இல்லை. அவன் கூடவே படிச்ச பையன் கூப்பிடலாமே!

எதிரணி அம்மையார் கேட்டாங்க: "தமிழ் படிச்சவனுக்கு வியாபாரம் வருமா?" அம்மா, பத்துப்பாட்டில் அஞ்சு பாட்டு ஆற்றுப்படை. அதில் மலைபடுகடாம் பக்கத்துச் செங்கம் நன்னனைப் பாடினது. கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் என்ன சொல்றார்? எந்த வழியா போகணும், வழியில் என்ன சாப்பாடு கிடைக்கும், எங்கே பாம்பு இருக்கும், பன்றிக்கு வெச்ச பொறி எங்கே இருக்கும், போய் யாரைப் பார்க்கணும்! இதைத்தான் இன்னிக்கு பாங்க்கில் திட்ட அறிக்கைன்னு கேக்கறான். (கைதட்டல்) பெரியார் அருவி, மேகம் அருவின்னு மலை பார்க்க வர்றவங்களுக்கு அப்படி ஒரு வழிகாட்டி எழுதி, உள்ளூர்ச் சாப்பாட்டோடு கூட்டிப் போற பி.ஏ. மாணவனை நான் தேடிக்கிட்டிருக்கேன்.

"கடன்பட்டா?"ன்னாங்க. நியாயமான பயம். தொழில் தோற்கும், தோற்காதுன்னு சத்தியம் பண்ண நான் அரசியல்வாதி இல்லை. அதனால எடுத்த எடுப்பில் கடன் வேண்டாம். பத்துக் கிலோ சாமையில் ஆரம்பிங்க. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பத்துக் கிலோ நூறு கிலோ ஆகி, வாங்கினவனே திரும்ப வந்து கேட்டால் அப்புறம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்க. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்காக 2012-13-இல் வந்த "நீட்ஸ்" திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. பி.ஏ. தமிழ் வரக்கூடாதுன்னு அதில் போடலை!

தம்பி சொன்ன கம்ப்யூட்டரும் இங்கிலீஷும்? பத்துக் கிலோ சாமை விற்கப் போனவன் ஆறே மாசத்தில் ரெண்டையும் கத்துக்குவான். வாங்க வர்றவன் பெங்களூர்க்காரன் ஐயா, கத்துக்காம எப்படி விற்பான்?

நடுவர் கை மணிப்பக்கம் போகுது. அந்தப் பொண்ணு போட்ட கணக்கு நோட்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கு. கூலின்னு ஒரு வரி புதுசாச் சேர்த்திருக்கு. தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாடி அதை நடுவர் அவர்கள் ஒரு தடவை பார்க்கணும்னு கேட்டு, அமர்கிறேன்.