வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களையும் கேட்போம்

(நமது சங்கத்தின் குடியரசு தின விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பேசுகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் எத்தனையோ முடிவுகளை எடுக்கிறோம். என்ன பாடம், எத்தனை தேர்வு, எவ்வளவு நேரம், எவ்வளவு மார்க் என்று எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கிறோம். முடிவெடுக்கும் முன்பு அந்தப் பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நமக்கெல்லாம் தெரிந்த ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வையே எடுத்துக்கொள்வோம். அது ஏன் வந்தது? பல பள்ளிகளில், குறிப்பாக ரிசல்ட்டுக்குப் பெயர் வாங்கிய தனியார் பள்ளிகளில், ப்ளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் நடத்தினார்கள். மார்க் வந்தது. ஆனால் அடிப்படை தெரியாமல் நுழைவுத் தேர்விலும் கல்லூரி முதலாண்டிலும் பிள்ளைகள் திணறினார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-ல் அறிவித்து, 2018 மார்ச்சில் முதல் ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வை நடத்தினார்கள். இரண்டு வருட மார்க்கும் சேர்ந்து 1200 என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், உயர்கல்விக்கு ப்ளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்று மாற்றினார்கள். மூன்று மணி நேரமாக இருந்த தேர்வு இரண்டரை மணி நேரமானது; பிறகு மறுபடியும் மூன்று மணி நேரத்துக்கே போனது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, அந்தத் தேர்வே ரத்தானது.

நான் எந்த அரசையும் குறை சொல்ல வரவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. என் கேள்வி வேறு. ப்ளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் தாண்டிப் போகிறார்கள் என்பது முதலில் யாருக்குத் தெரியும்? ஆய்வுக்கு வரும் அதிகாரி ஆசிரியரின் பதிவேட்டைப் பார்ப்பார். அதில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். பெற்றோர் மார்க் ஷீட்டைப் பார்ப்போம். அதில் மார்க் இருக்கும். எந்தப் பாடம் நடந்தது, எந்தப் பாடம் நடக்கவில்லை என்பது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் தெரியும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகத் தெரிந்திருந்த விஷயம் அது. கேட்பதற்குத்தான் ஒரு வழி இல்லை.

இப்போது தேர்வு போய்விட்டது. கொரோனா காலத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 2018-க்குப் பிறகு பொதுத்தேர்வு இல்லாமல் ப்ளஸ் ஒன் படித்த முதல் அணி 2025-26 கல்வியாண்டுப் பிள்ளைகள்தான். பழைய வழக்கம் திரும்பாது என்று யார் உத்தரவாதம் தருவது? அதைக் கண்டுபிடிக்க இன்னொரு பொதுத்தேர்வு தேவையில்லை. பிள்ளைகளிடம் கேட்டாலே போதும்.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து சர்க்குலர் வரும். படிக்க அழகாக இருக்கும். அது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பது, கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கும் எதிரே வரிசையில் நிற்கும் வாடிக்கையாளருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். கல்விக் கொள்கையும் அப்படித்தான். அதன் கவுன்ட்டர் வகுப்பறை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதன் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது.

நமது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். மீதியிருக்கும் கால் பங்கில், உள்ளூர்க் கல்வியாளர் அல்லது அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இடம்பெறலாம் என்று மத்திய அரசின் 2010 மாதிரி விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்குமானது. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கே நாற்காலி போடலாம் என்றால், பதினாறு வயதுப் பிள்ளையை வெளியே நிறுத்துவது என்ன நியாயம்? தமிழ்நாட்டில் 2024-ல் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். நல்ல காரியம். இந்நாள் மாணவர்களையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

மாநிலக் கல்விக் கொள்கையை வகுக்க 2022-ல் அமைத்த குழுவுக்கு நீதியரசர் முருகேசன் தலைவர். கல்வியாளர்களோடு செஸ் வீரர் ஆனந்த், பாடகர் டி.எம். கிருஷ்ணா, எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் எல்லாம் அதில் இருந்தார்கள். பெரிய மனிதர்கள்தான். ஆனால் பள்ளி மாணவர் ஒருவர்கூட உறுப்பினராக இல்லை.

செய்ய முடியாத காரியமா இது? பக்கத்தில் கேரளத்தில், 2022 நவம்பரில், பாடத்திட்டத்தை மாற்றும் முன்பு வகுப்பறைகளிலேயே விவாதம் நடத்தி மாணவர்களின் கருத்தைக் கேட்டார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலக் கல்வி வாரியத்தில் மொத்தம் 11 உறுப்பினர்கள். அதில் ஒருவர் உயர்நிலைப் பள்ளி மாணவர். ஓராண்டுப் பதவி, மற்றவர்களுக்குச் சமமான ஓட்டு.

இதற்கு எதிர்ப்பேச்சு என்ன வரும் என்பதும் தெரியும். "கேட்டால் பரீட்சையே வேண்டாம், லீவு விடு என்பார்கள்" என்போம். சிலர் சொல்லலாம். நம் பொதுக்குழுவில் மட்டும் பராமரிப்புக் கட்டணமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையா? அதற்காகப் பொதுக்குழுவைக் கலைத்துவிட்டோமா? மேலும், பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அவர்கள் கேட்பதெல்லாம் சின்னச் சின்ன நியாயங்கள். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டிய பிறகு பஸ் கிடைக்கவில்லை என்பார்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்பார்கள். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குகிறார், திருப்பித் தருவதேயில்லை என்பார்கள். எங்கள் பாஷையில் அது வாராக்கடன்! இவற்றில் எதுவும் விளையாட்டுப் பேச்சு இல்லை.

உண்மையான சிக்கல் வேறு இரண்டு. ஒன்று, பயம். அகமதிப்பீட்டு மார்க் ஆசிரியர் கையில் இருக்கும்போது எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அதனால் பெயர் எழுதாத சீட்டில் கருத்து வாங்க வேண்டும். அதைப் பிரித்துப் படிப்பவர் அந்த வகுப்பின் ஆசிரியராக இருக்கக் கூடாது. இரண்டு, எப்போதும் முதல் ரேங்க் பிள்ளையையே மேடையேற்றுவது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் பெரிய கஷ்டம் இருக்காது. தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைதான் எங்கே பள்ளம் இருக்கிறது என்று காட்டும். எனவே பிரதிநிதியை மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதையும் பிள்ளைகள் தலையில் கட்டச் சொல்லவில்லை. அது பெரியவர்களின் கடமை. முடிவுக்கு முன்னால் கேளுங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். பதில் வராத புகார்ப் பெட்டியில் இரண்டாவது முறை யாரும் சீட்டுப் போட மாட்டார்கள்.

நம் அளவில் செய்யக்கூடிய இரண்டு காரியங்களை முன்வைக்கிறேன். முதலாவது, நம் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு, ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் சிறப்பு அழைப்பாளர்களாகக் கூப்பிடும்படி, சங்கத்தின் சார்பில் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுப்போம். அவர்கள் சொன்னதும், அதற்குக் குழு சொன்ன பதிலும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். ப்ளஸ் ஒன் பாடம் முழுதாக நடக்கிறதா என்பதே அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இரண்டாவது, ஊருக்குச் சொல்லும் முன்பு நாம் செய்து காட்டுவோம். நம் நூலகமும் விளையாட்டுத் திடலும் யாருக்காக? அவற்றின் நேரத்தையும் விதிகளையும் தீர்மானிக்கும் துணைக்குழுவில், நம் குடியிருப்பின் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்ப்போம். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் இந்தப் பிள்ளைகள் ஓட்டுச்சாவடி வரிசையில் நிற்கப் போகிறார்கள். கருத்துச் சொல்லவும், மறுப்பைக் கேட்டுக்கொள்ளவும், காரணம் கேட்கவும் அதற்குள் அவர்களுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டாமா?

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இவ்விரண்டையும் பொருள் நிரலில் சேர்க்கும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளும் அன்றைக்கு வர வேண்டும்.